தட்டினால் நடக்கும்: டெர்மினல் பற்றி வாசகர் கேள்விகள்

டெர்மினல், அதாவது கட்டளைகளைத் தட்டியே கணினியை வேலை வாங்கும் திரை பற்றி வந்து குவிந்த கேள்விகளை இந்த இதழில் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டேன். முதலில் ஒரு விஷயம்: கட்டளைகளின் பெயர்களை அச்சில் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். நீங்கள் தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்துகள். லினக்ஸ் இயங்குதளத்தை மனத்தில் வைத்தே சொல்கிறேன். மேக்கிலும் பெரும்பாலும் இதேதான். விண்டோஸ்காரர்களுக்குத் தனியாக ஒரு பதில் உண்டு.

கேள்வி: மவுஸில் இரண்டு சொடுக்கில் முடிகிற வேலைக்கு எதற்கு ஐயா இந்தக் கறுப்புத் திரை? பக்கத்தில் இருப்பவருக்குப் படம் காட்டவா?
— ஓய்வுபெற்ற கணக்காளர்

இரண்டு சொடுக்கில் முடிகிற வேலைக்கு அது வேண்டவே வேண்டாம். படம் காட்டுவதற்கென்றே தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. நானும் ஒரு கோப்பைத் திறக்கவோ ஒரு படத்தை வெட்டவோ மவுஸைத்தான் எடுக்கிறேன்.

நானூறு படங்களைச் சுருக்கி அனுப்ப வேண்டும் என்று வந்தால் கதை வேறு. அப்போது ஒவ்வொன்றாகத் திற, அளவை மாற்று, சேமி, மூடு என்று மாலை முழுக்க உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. இமேஜ்மேஜிக் என்று ஒரு மென்பொருள். 1990 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதை நிறுவிக்கொண்டு, படங்கள் இருக்கும் கோப்புறைக்குள் ‘சிறியவை’ என்ற புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கிவிட்டு, இப்படித் தட்டுகிறேன்:

மேஜிக் மோக்ரிஃபை -பாத் சிறியவை -ரீசைஸ் 1600 *.ஜேபிஜி

‘இங்குள்ள ஜேபிஜி படங்கள் எல்லாவற்றையும் 1600 புள்ளி அகலத்துக்கு மாற்றி, சிறியவை என்ற கோப்புறையில் போடு’ என்று பொருள். எண்டரைத் தட்டிவிட்டு எழுந்து போய்விடலாம். இரண்டு இடத்தில் மட்டும் எச்சரிக்கை. ‘-பாத்’ பகுதியை விட்டுவிட்டால் மோக்ரிஃபை அசல் படங்களின் மேலேயே எழுதிவிடும். பெரிய படம் போனது போனதுதான். அடுத்தது, சில கேமராக்கள் படப்பெயரின் வாலை ஆங்கிலப் பேரெழுத்தில் எழுதும். லினக்ஸுக்குப் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் வேறு வேறு. சிற்றெழுத்தில் கேட்டால் ‘அப்படி ஒன்றுமில்லை’ என்று கைவிரிக்கும். படங்கள் கண்ணெதிரே இருக்கும்போது இப்படிச் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். வாலைப் பாருங்கள்.

நீங்கள் கணக்காளர் என்பதால் சொல்கிறேன்: ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டுமா என்பதை மட்டும் பாருங்கள். ஒருமுறை என்றால் மவுஸ்.

கேள்வி: டெர்மினலைத் திறந்தேன். என் பெயர், ஒரு டாலர் குறி, கண்சிமிட்டும் ஒரு கட்டம். எதையாவது தட்டிக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து மூடிவிட்டேன். எங்கே தொடங்குவது?
— இல்லத்தரசி

பயத்துக்கு முதல் மருந்து: எண்டர் விசையைத் தட்டும்வரை எதுவும் நடக்காது. தட்டிய பிறகும் ஏதோ ஓடிக்கொண்டே இருந்தால் கன்ட்ரோலோடு சி. பெரும்பாலும் நின்றுவிடும். இதனாலேயே டெர்மினலில் நகலெடுக்க கன்ட்ரோல்-சி உதவாது. கூடவே ஷிஃப்டையும் அழுத்த வேண்டும்.

மூன்று கட்டளைகளோடு தொடங்குங்கள். ‘பிடபிள்யூடி’ என்றால் நீங்கள் எந்தக் கோப்புறையில் நிற்கிறீர்கள் என்று சொல்லும். ‘எல்எஸ்’ என்றால் அங்கே என்னென்ன இருக்கின்றன என்று காட்டும். ‘சிடி’ என்று தட்டி ஒரு கோப்புறையின் பெயரைச் சொன்னால் அங்கே போகும். ‘சிடி’ என்று தட்டி இடைவெளி விட்டு இரண்டு புள்ளிகள் வைத்தால் மேலே ஏறும். இவை மூன்றும் பார்க்கவும் நடக்கவும் மட்டுமே. எதையும் அழிக்காது, மாற்றாது. ஒரு வாரம் இவற்றோடு மட்டும் உலவுங்கள்.

பெயர்களை முழுதாகத் தட்டாதீர்கள். முதல் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும். நிரப்பவில்லை என்றால் ஒன்று அப்படியொரு கோப்பு இல்லை, இல்லையேல் அதே எழுத்துகளில் தொடங்கும் கோப்புகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. இன்னொருமுறை டேப் அழுத்துங்கள், பட்டியல் வரும்.

பெயருக்குள் இடைவெளி இருந்தால்தான் வம்பு. ‘பள்ளி கட்டண ரசீது’ என்ற ஒரு கோப்பை டெர்மினல் பள்ளி, கட்டண, ரசீது என்று மூன்று கோப்புகளாக எடுத்துக்கொண்டு மூன்றையும் காணோம் என்று புகார் செய்யும். மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அந்தக் குறி நேராக இருக்க வேண்டும். எழுத்துச் செயலிகள் அழகுக்காக வளைத்துத் தரும் மேற்கோள் குறி இங்கே செல்லாது.

கடவுச்சொல் கேட்கும்போது நீங்கள் தட்டுவது திரையில் தெரியாது, பெரும்பாலும் நட்சத்திரக் குறிகூட வராது. விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று நினைத்து எனக்குத் தொலைபேசியவர்கள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு தட்டி எண்டர் கொடுங்கள்.

கேள்வி: பழக்க தோஷத்தில் டெர்மினலில் கன்ட்ரோல்-எஸ் அழுத்திவிட்டேன். திரை கல்லாகிவிட்டது. எதுவும் தட்ட முடியவில்லை. கணினியையே அணைத்து எழுப்ப வேண்டியதாயிற்று. இது என்ன கோளாறு?
— மென்பொருள் படிக்கும் மாணவர்

கோளாறு இல்லை தம்பி, வரலாறு. கன்ட்ரோல்-கியூ அழுத்தியிருந்தால் ஒரு நொடியில் உயிர் வந்திருக்கும்.

1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸைக் கட்டத் தொடங்கிய காலத்தில் கணினியின் முன்னால் இன்றுபோல் திரை கிடையாது. டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம் இருக்கும். கணினியின் பதில் காகிதச் சுருளில் அடித்து வரும். அக்காலத்தில் புழங்கிய மாடல் 33 நொடிக்கு 10 எழுத்துகளே அடிக்கும். ‘கொஞ்சம் நிறுத்து’ என்று சொல்ல ஒரு குறிப்பு வேண்டும், ‘சரி, தொடர்’ என்று சொல்ல இன்னொன்று வேண்டும். அந்த இரண்டும்தான் கன்ட்ரோல்-எஸ், கன்ட்ரோல்-கியூ. காகிதம் போய்விட்டது, குறிப்புகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. உங்கள் திரை கல்லாகவில்லை. நீங்கள் ‘நிறுத்து’ என்றீர்கள், நிறுத்தியது. நீங்கள் தட்டியவையும் காணாமல் போகவில்லை, உள்ளே காத்துக்கொண்டிருந்தன.

நகலெடுக்க சிபி, நகர்த்த எம்வி, அழிக்க ஆர்எம் என்று எல்லாம் இரண்டெழுத்தில் இருப்பதும் அந்தக் காலத்துச் சிக்கனம்தான். விசைகள் கனம், அச்சு மெதுவு. யார் ஒன்பது எழுத்து தட்டுவார்கள்? இன்றும் ‘டிடிஒய்’ என்று தட்டிப் பாருங்கள். நீங்கள் எந்த டெலிடைப்பில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கணினி மிக மரியாதையாகப் பதில் சொல்லும்.

கேள்வி: எங்கள் சிற்றிதழின் பழைய கட்டுரைகள் எல்லாம் எழுத்துக் கோப்புகளாக இருக்கின்றன. கிரெப் என்ற தேடும் கட்டளையில் ‘கொடை’ என்று கொடுத்தால் சில கோப்புகளில் கிடைக்கிறது. சிலவற்றில் கண்ணெதிரே சொல் இருந்தும் இல்லை என்கிறது. டெர்மினலுக்குத் தமிழ் தெரியாதா?
— சிற்றிதழ் ஆசிரியர்

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். என் பொழுதில் பாதி இந்த வேலையில்தான் போகிறது.

எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் முறையில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தின்பின் ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடுவது ஒரு விதம். ஒற்றைக்கொம்பை ஒரு குறியாகவும் துணைக்காலை இன்னொரு குறியாகவும் போடுவது மறு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ‘கொடை’ முதல் விதத்தில் நான்கு குறிகள், இரண்டாம் விதத்தில் ஐந்து. கிரெப் கண்ணால் பார்ப்பதில்லை, குறிகளை எண்ணி ஒப்பிடுகிறது. ஆகவே இரண்டும் அதற்கு வேறு வேறு சொற்கள். ஓகாரத்துக்கும் இதே சிக்கல். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இந்தக் கலப்படம் மிகுதி.

தேடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே விதமாக்கிவிடுங்கள். ஐசியு என்ற மென்பொருள் தொகுப்போடு வரும் யூகான்வ் இதைச் செய்யும் (‘என்எஃப்சி’ என்றால் மேலே சொன்ன முதல் விதம்):

யூகான்வ் -எக்ஸ் என்எஃப்சி பழையது.டிஎக்ஸ்டி > புதியது.டிஎக்ஸ்டி

அந்த ‘>’ குறி விடையைத் திரைக்குப் பதிலாகக் கோப்பில் கொட்டுகிறது. இரண்டு பக்கமும் ஒரே பெயரைப் போட்டுவிடாதீர்கள். டெர்மினல் முதல் வேலையாக வலப்பக்கக் கோப்பைக் காலி செய்துவிட்டுத்தான் நிரலையே கூப்பிடும். படிக்க வந்த நிரலுக்கு வெற்றுக் கோப்புதான் மிஞ்சும்.

இத்தோடு தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். ‘கௌ’ என்று எழுத வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பு, ககரம், அடுத்து ளகர எழுத்து என்று அடித்துவைக்கும் வழக்கம் இருக்கிறதே, அதை யூகான்வ் திருத்தாது. ‘கெளரவம்’ என்று அடித்தது அதன் பார்வையில் குற்றமற்ற தமிழ். ‘ெள வருகிற இடமெல்லாம் ௌ ஆக்கு’ என்று ஒரே கட்டளையில் மாற்றிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். ‘வெள்ளம்’, ‘வெளி’, ‘கெளுத்தி’ எல்லாம் அந்த வெள்ளத்தோடு போய்விடும். கிரெப்பால் அந்த வரிகளை மட்டும் தனிக் கோப்பில் எடுத்து, மெய்ப்புத் திருத்துவதுபோல் கண்ணால் பாருங்கள். இயந்திரத்திடம் விடக்கூடாத வேலைகளும் உண்டு.

எண்ணிக்கையிலும் ஏமாறாதீர்கள். ‘டபிள்யூசி’ கட்டளையிடம் ‘தமிழ்’ என்ற சொல்லை மட்டும் கொடுத்தால், -எம் என்று கேட்டால் 5 என்கிறது, -சி என்று கேட்டால் 15 என்கிறது. நாம் எண்ணினால் மூன்றெழுத்து. அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று பிரித்து எண்ணுகிறது. 15 என்பது பைட்டுகள், குறிக்கு மூன்று வீதம். ஆனால் -டபிள்யூ என்று கேட்டால் இடைவெளியை வைத்துச் சொற்களை எண்ணித் தரும். கட்டுரையின் நீளம் பார்க்க அது போதும். முழுக் கோப்புறைக்கும் ஒரே வரியில் பட்டியல் கிடைக்கும்.

கோப்புகள் யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி குறியீட்டில் இருந்தால் லினக்ஸின் ‘ஐகான்வ்’ அதை நேரடியாகவே மாற்றித் தரும். பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தவை அப்படி அல்ல. அவை கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகள். அதற்கென உள்ள மாற்றிகளைத்தான் நாட வேண்டும்.

கடைசியாக, டெர்மினல் திரையில் தமிழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் கலங்காதீர்கள். சம அளவுக் கட்டங்களில் எழுத்தை அடுக்கும் திரை அது. நம் எழுத்துகள் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. தரவு பத்திரமாகத்தான் இருக்கிறது. விடையைக் கோப்பில் கொட்டி வழக்கமான உரைத் தொகுப்பியில் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தனித்தனியாக ஸ்கேன் செய்த பக்கங்களை ஒரே பிடிஎஃப் ஆக்கினேன். முதல் பக்கத்துக்கு அடுத்து பத்தாம் பக்கம் வந்து நிற்கிறது!
— பள்ளி ஆசிரியை

பிடிஎஃப்களை ஒன்றாக இணைக்கும் ‘பிடிஎஃப்யுனைட்’ கட்டளையைப் பயன்படுத்தியிருப்பீர்கள். நட்சத்திரக் குறி போட்டால் டெர்மினல் பெயர்களை எழுத்து வரிசையில்தான் அடுக்கும். அந்த வரிசையில் ‘பக்கம்1’, ‘பக்கம்10’, ‘பக்கம்11’ எல்லாம் முடிந்த பிறகுதான் ‘பக்கம்2’. ஸ்கேன் செய்யும்போதே 01, 02 என்று பெயரிடுங்கள். நூறு பக்கம் தாண்டுமென்றால் 001. அந்தக் கட்டளையில் கடைசியாக எழுதும் பெயர்தான் புதிய கோப்பின் பெயர் என்பதையும் மறவாதீர்கள். பழைய பக்கம் ஒன்றின் பெயரை அங்கே வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: வட்டில் இடமில்லை என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒளிப்படக் கலைஞர்

டியூ -எஸ்ஹெச் * | சார்ட் -ஹெச்

பெருந்தீனிக்காரர் பட்டியலின் அடியில் நிற்பார். அந்தக் கோப்புறைக்குள் போய் மறுபடி அதையே தட்டுங்கள், இப்படியே படி இறங்கலாம். புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புறைகளை நட்சத்திரக் குறி கண்டுகொள்ளாது. உலாவியின் தற்காலிகக் கிடங்குகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நடுவில் நிற்கும் கோட்டைப் பாருங்கள். டியூவுக்கு அளக்கத்தான் தெரியும், சார்ட்டுக்கு வரிசைப்படுத்தத்தான் தெரியும். கோடு ஒன்றின் விடையை மற்றதன் வாயில் ஊட்டுகிறது. நிரல்களைத் தோட்டத்து நீர்க்குழாய்போல் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும் என்று அதே பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் 1964-இலேயே ஒரு குறிப்பு எழுதினார். யூனிக்ஸில் அது வந்தது 1973-இல்; தாம்ப்சன் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பார்கள். என்னைக் கேட்டால் டெர்மினலில் கற்க வேண்டியது கட்டளைகளை அல்ல, இந்தக் கோட்டை.

கேள்வி: இணையத்திலும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிலும் கேட்டால் கட்டளையை எழுதித் தந்துவிடுகிறார்கள். அப்படியே ஒட்டினால் என்ன?
— தனியார் நிறுவன ஊழியர்

படித்துப் புரிந்த பிறகு ஒட்டுங்கள். மூன்று இடங்களில் மட்டுமாவது கண் நிற்கட்டும். ‘சூடோ’ என்று தொடங்கினால் கணினியின் முழு அதிகாரத்தையும் அந்த வரிக்குக் கொடுக்கிறீர்கள். இணையத்திலிருந்து இறக்கும் ‘கர்ல்’ என்று தொடங்கி, நிற்கும் கோட்டுக்குப் பின் கட்டளைகளை ஓட்டும் ‘பாஷ்’ என்று முடிந்தால், முன்பின் தெரியாத ஒரு நிரலைப் படிக்காமலே ஓட விடுகிறீர்கள். நடுவில் ‘ஆர்எம்’ இருந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படியுங்கள்.

ஆர்எம் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை. ‘ஆர்எம் *.டிஎம்பி’ என்றால் தற்காலிகக் கோப்புகள் மட்டும் போகும். நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவில் ஓர் இடைவெளி தவறி விழுந்தால், அந்தக் கோப்புறையின் கோப்புகள் எல்லாம் போய்விடும். அதற்கு மேல் ‘.டிஎம்பி என்று ஒன்றைக் காணோமே’ என்ற புகார் வேறு. ஆகவே என் வழக்கம் இது: நட்சத்திரம் உள்ள ஆர்எம் கட்டளைக்கு முன்னால் ‘எக்கோ’ என்று சேர்த்து ஒருமுறை தட்டுவேன். எதுவும் அழியாது, எந்தெந்தக் கோப்புகள் அழியவிருந்தன என்று பெயர்கள் மட்டும் வரிசையாக வரும். பட்டியல் சரி என்றால் மேல்நோக்கிய அம்பு விசையை அழுத்தி, பழைய வரியை வரவழைத்து, எக்கோவை நீக்கி எண்டர்.

கேள்வி: நான் விண்டோஸ்காரன். எனக்கு இதெல்லாம் இல்லையா?
— கடை உரிமையாளர்

2006 முதல் பவர்ஷெல் என்று விண்டோஸுக்கே உரிய கட்டளைத் திரை இருக்கிறது. எல்எஸ், சிடி, பிடபிள்யூடி மூன்றும் அதிலும் வேலை செய்யும். லினக்ஸ் கட்டளைகள் அப்படியே வேண்டுமென்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதியை நிறுவிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: படம் மாற்றுவதற்கென்று பழைய கையேடுகள் சொல்லும் ‘கன்வெர்ட்’ கட்டளையை விண்டோஸில் தட்டாதீர்கள். அங்கே அந்தப் பெயர் வட்டின் கோப்பு முறைமையை மாற்றும் வேறொரு நிரலுடையது.

கேள்வி: தெரியாமல் விம் என்ற தொகுப்பியைத் திறந்துவிட்டேன். வெளியேற வழி?
— பெயர் வேண்டாம் என்றவர்

எஸ்கேப் விசை, முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி, எண்டர். வெட்கப்பட ஒன்றுமில்லை, இந்தப் பகுதிக்கு அதிகம் வருகிற கேள்வியே இதுதான். அடுத்தமுறை நானோ என்ற தொகுப்பியைத் திறங்கள். வெளியேறும் வழியைத் திரையின் அடியிலேயே எழுதி வைத்திருக்கும்.

கேள்வி: டெர்மினலில் என் மகளுக்குக் காட்ட ஏதாவது வேடிக்கை உண்டா?
— தந்தை ஒருவர்

‘கேல் 9 1752’ என்று தட்டுங்கள். செப்டம்பர் 2-ஆம் தேதிக்கு மறுநாள் 14 என்று வரும். கோளாறு என்பாள். அந்த ஆண்டுதான் பிரிட்டன் ஜூலியன் நாட்காட்டியைக் கைவிட்டு கிரிகோரியனுக்கு மாறியது. நடுவில் 11 தேதிகளைத் தாண்டிக் குதித்தார்கள். கேல் கட்டளை அதை அப்படியே காட்டுகிறது. மற்ற நாடுகள் வேறு வேறு ஆண்டுகளில் மாறின என்பதையும் சொல்லிவிடுங்கள், பள்ளியில் வாதாட உதவும்.

கேள்வி: இவ்வளவையும் எப்படி ஐயா நினைவில் வைப்பது? எனக்கு அறுபது வயதாகிறது.
— வாசகி

நினைவில் வைக்காதீர்கள் அம்மா, நானும் வைப்பதில்லை. நீங்கள் தட்டியதை டெர்மினலே குறித்து வைத்துக்கொள்கிறது. கன்ட்ரோல்-ஆர் அழுத்திவிட்டுப் பழைய கட்டளையிலிருந்து ஏதாவது ஒரு துண்டைத் தட்டினால் அந்த வரி முழுதாக வந்து நிற்கும்; நீங்கள் தேடிய வரி அது இல்லையென்றால் கன்ட்ரோல்-ஆரையே மறுபடி அழுத்த, இன்னும் பழையது வரும். ஆனால் நிறையத் தட்டினால் பழையவை உதிர்ந்துபோகும். ஆகவே நன்றாக வேலை செய்த கட்டளையை ஓர் எழுத்துக் கோப்பில் ஒட்டி, அதன்மேல் ‘படம் சுருக்க’, ‘பிடிஎஃப் சேர்க்க’ என்று தமிழில் ஒரு வரி எழுதி வையுங்கள். பிறகு கிரெப் -ஏ1 ‘சுருக்க’ (இந்த ஏ மட்டும் ஆங்கிலப் பேரெழுத்து) என்று அந்தக் கோப்பில் தேடினால் தலைப்பு வரியும் அதன் கீழே உள்ள கட்டளையும் சேர்ந்தே வரும். என் கோப்பு பெருத்துவிட்டது, பாதிக்கு மேல் எதற்கு எழுதினேன் என்றே தெரியவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை.